தலைப்பு இல்லையென்றால் பிழை, ஆசிரியர் இல்லையென்றால் எச்சரிக்கை

லேடெக்ஸில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தலைப்பு என்னவென்று சொல்லாமல் ‘மேக்டைட்டில்’ கட்டளையை மட்டும் கொடுத்தால், பிழை என்று சொல்லி நின்றுவிடும். தலைப்பைக் கொடுத்துவிட்டு எழுதியவர் பெயரை விட்டுவிட்டால் நிற்காது. ஓரமாக ஒரு எச்சரிக்கை வரியை எழுதி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். தேதியை விட்டால் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. கோப்பை என்றைக்கு ஓட்டுகிறோமோ அன்றைய தேதியைத் தானே அச்சடித்துக்கொள்ளும். நாளைக்கு ஓட்டினால் நாளைய தேதி. ஊர்ப்பெயரைக் கேட்பதேயில்லை. மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர், அச்சிட்டவர் என்று யாராவது இருந்தால் அவர்களுக்குப் பெட்டியே இல்லை.

இதற்காக லேடெக்ஸைத் திட்டிப் பயனில்லை. 1977இல் டொனால்ட் நூத், தன் நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த புதிய மெய்ப்பைப் பார்த்து எழுத்தின் தரம் சகிக்காமல் டெக் நிரலை எழுத உட்கார்ந்தார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்ஸைக் கட்டினார். எழுதுகிறவர் ‘இது தலைப்பு’, ‘இது ஆசிரியர்’ என்று மட்டும் சொல்லட்டும், அது எங்கே, எந்த அளவில் வரவேண்டும் என்பதை நிரல் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய யோசனை. கணிதக் கட்டுரைக்கு அது போதும். கட்டுரைக்கு ஊர் எதற்கு? பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வேண்டும்; அதையும் ‘தேங்க்ஸ்’ என்றொரு அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம்.

ஆனால் தமிழ்ப் புத்தகத்தை இதில் அமைக்கப் போகும்போது ஒன்று உறைக்கிறது. ஒரு புத்தகத்தைப் பற்றி முதல் பக்கத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் ஏற்கெனவே யாரோ யோசித்திருக்கிறார்கள், அதுவும் அச்சு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. நன்னூலின் பாயிரப் பகுதியை இலக்கணப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதி மறந்திருப்போம். அதில் சிறப்புப் பாயிரத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. செய்தவர் பெயர், அந்த நூல் வந்த வழி, அது வழங்கும் நிலத்தின் எல்லை, நூலின் பெயர், எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது, எதைப் பேசுகிறது, யார் கேட்கத் தக்கவர், கேட்டால் என்ன கிடைக்கும் என்று எட்டு. காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்று என்பார்கள். லேடெக்ஸ் கேட்பது மூன்று. அதிலும் ஒன்றுதான் கட்டாயம்.

அந்தப் பட்டியலைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் வரும் இன்னொரு விதி. சிறப்புப் பாயிரத்தை நூல் செய்தவர் தானே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரையெழுதுபவர், இவர்களில் ஒருவர்தான் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்னவர் பனம்பாரனார் என்பது மரபு. ஒரு நூலின் வாசலில் நின்று அதை அறிமுகம் செய்கிறவர் வேறொருவராக இருக்க வேண்டும் என்பதை, தலைப்புப் பக்கத்தின் முதல் கோட்பாடு என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்த வேறொருவர் யார்? கோப்பைத் திறந்து, பெயரை எத்தனை புள்ளியில் வைப்பது, யாரை மேலே போடுவது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் வடிவமைப்பாளர்தான். பனம்பாரனாரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. சம்பளமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஓலைச்சுவடியில் தலைப்புப் பக்கம் கிடையாது. சொல்ல வேண்டியது கடைசி ஏட்டில் இருக்கும். இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன ஊரில், இன்னார் எழுதி முடித்தது என்று ஒரு வாக்கியம். அச்சு வந்தபோது அந்த வாக்கியம் புத்தகத்தின் வாலிலிருந்து தலைக்கு ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை ரோஜா முத்தையா நூலகத்திலோ இணையத்திலோ திறந்து பாருங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி அல்லது சிவமயம். நடுவில் பெரிய எழுத்தில் நூலின் பெயர். அதன் கீழே ‘இஃது’ என்று ஆரம்பித்து ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க இறங்கி வரும். இன்ன ஊர் இன்னார் இயற்றியது; அதை இன்ன ஊர் வித்துவான் ஏட்டுப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தது; இன்ன ஜமீன்தார் பொருளுதவி செய்தது; இன்ன தெரு, இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது. அதற்குக் கீழே சர்வசித்து என்றோ விரோதி என்றோ வருஷப் பெயர், பக்கத்திலேயே ஆங்கில ஆண்டு, கடைசியில் விலை இத்தனை அணா.

இதில் கவனிக்க வேண்டியது வினைச்சொற்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினை இருக்கிறது. இயற்றினார், பார்வையிட்டார், பரிசோதித்தார், உதவினார், பதிப்பித்தார். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும் என்பதால் கண் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கினால்தான் பொருள் முடியும். நடுவாக அமைந்த அந்த வரிகள் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் புனல் மாதிரி இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய அச்சுப் புத்தகங்களிலும் அந்த வடிவம் உண்டு, அங்கிருந்து வந்ததுதான். ஆனால் தமிழில் அது இலக்கணத்தோடு பொருந்திக்கொண்டது. அச்சுக்கூடத்தின் பெயரும் முடிக்கும் வினையும் புனலின் குழாயில் வந்து நிற்கும். வடிவமும் வாக்கியமும் ஒரே இடத்தில் முடிகிற பக்கம்.

அந்தப் பக்கத்தில் ஊர் பெயரோடு ஒட்டியே வரும். ஆறுமுக நாவலர் வெறும் ஆறுமுக நாவலர் இல்லை, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எந்த ஊர் என்று தெரியாமல் ஆளைத் தெரியாது என்ற நினைப்பு அந்த அச்சில் இருந்தது.

பழையதைப் பார்த்து உருகுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே பக்கத்தில் சாதிப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். புரவலரின் பட்டங்கள் ஆசிரியரின் பெயரைவிட நீளமாக இருக்கும். அச்சுக்கூடத்து முதலாளியின் பெயர் இருக்கும்; ஈய எழுத்தைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கோத்தவரின் பெயர் இருக்காது. அந்த நீண்ட வாக்கியத்திலும் அவருக்கு ஒரு வினை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் தமிழெழுத்தில் அச்சான முதல் புத்தகம் வேறு மாதிரித்தான் தொடங்கியது. 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் எழுத்து வார்ப்புகளின் மாதிரி இருக்கிறது: 1577இல் கோவாவில் செய்த எழுத்துகள், 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்துகள், இரண்டையும் செய்தவர்களின் பெயர்கள். எழுத்தைச் செய்தவருக்குத் தமிழெழுத்தில் வந்த முதல் அச்சுப் புத்தகமே இடம் கொடுத்திருக்கிறது. செய்தவர்கள் பாதிரிமார், அதனால் கிடைத்த மரியாதை என்று வாதிடலாம். சரி, இருக்கட்டும். இடம் இருந்தது என்பது அங்கே அச்சாகிக் கிடக்கிறது.

பிறகு சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், பதிப்பித்தவர் பெயர், பதிப்பித்த இடம் இருக்க வேண்டும். 1857க்குப் பிறகு வெள்ளைக்காரர்களுக்கு வந்த பயத்தின் வாடை அந்தச் சட்டத்தில் உண்டு. யார் எதை எங்கே அச்சடிக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கண்காணிப்பின் உபவிளைவாகத்தான் சென்னை மாகாணத்தில் என்னென்ன புத்தகம் அச்சானது என்ற காலாண்டுப் பட்டியல்கள் நமக்குக் கிடைத்தன. குஜிலிக் கடையில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகத்துக்குக்கூட முகவரி இருக்கிறது. போலீசுக்காகப் போட்ட வரி ஆய்வாளருக்குப் பயன்பட்டது.

குஜிலிப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்குத் தனி அட்டை கிடையாது, தலைப்புப் பக்கமேதான் அட்டை. என்ன சம்பவம், என்ன மெட்டு, யார் பாடியது, என்ன விலை எல்லாம் அங்கேயே. தெருவில் நடந்து போகிறவரை நிறுத்த வேண்டிய பக்கம் அது. வடிவமைப்பு வகுப்பில் பாடமாக வைக்கலாம். யாரும் வைக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாக்கியம் உடைந்தது. தலைப்பு, பெயர், பதிப்பகம், மூன்று பெயர்ச்சொற்கள் வெள்ளைக் காகிதத்தில் மிதக்கின்றன. இதை நான் வீழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். 1974இல் தொடங்கிய க்ரியா, தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்துக்கு ஒரு மூச்சு கொடுத்தது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் அங்கிருந்து வந்தபோது, உள்ளடக்கம் போலவே அதன் தோற்றமும் புதிதாக இருந்தது. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகள் தமிழெழுத்தின் உடம்பையே வேறு மாதிரி காட்டின. பட்டங்களும் சாதிப் பெயர்களும் பக்கத்திலிருந்து இறங்கியது பெரிய ஆறுதல். ஆனால் அழுக்குத் தண்ணீரோடு வினைச்சொற்களும் ஊர்ப்பெயர்களும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் போடும் ‘தமிழில்:’ என்ற ஒரு சொல். அதைக் கவனித்துப் பாருங்கள். ஏழாம் வேற்றுமை ஏற்ற சொல், பின்னால் வினை இல்லை. தமிழில் என்ன செய்தார்? முடமான பழைய வாக்கியத்தின் கடைசித் துண்டு அது. மற்ற எல்லோரும் பின்பக்கத்துக்குப் போய் எட்டுப் புள்ளியில் ‘ஒளியச்சு’, ‘அச்சாக்கம்’ என்று ஒடுங்கிக் கிடக்கிறார்கள், அதுவும் பதிப்பகத்துக்கு மனசு இருந்தால்.

இனி கொஞ்சம் கைவேலை. சொந்தமாகத் தலைப்புப் பக்கம் அமைக்க வேண்டுமென்றால் ‘மேக்டைட்டில்’ வேண்டாம். ‘டைட்டில்பேஜ்’ என்ற சூழலுக்குள் போய்விட்டால் பக்க எண் வராது, பெட்டிகளும் இல்லை, வெறும் பக்கம் உங்கள் கையில். முதல் சிக்கல் மேலேயே தொடங்கும். பக்கத்தின் உச்சியில் நீங்கள் விடும் இடைவெளியை லேடெக்ஸ் விழுங்கிவிடும். கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால்தான் அது நிற்கும். வெற்றிடத்தைக்கூட வற்புறுத்தித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் கடன் வாங்கிய ரசனை. ஆங்கிலத் தலைப்புப் பக்கத்தின் அழகில் பாதி பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பதில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பு தனியாக, மெய் தனியாக, கால் தனியாக விலகி நிற்கும். ‘கோ’ என்ற ஒரே எழுத்து மூன்று பேர் சண்டை போட்டுப் பிரிந்த மாதிரி ஆகிவிடும். சாய்வெழுத்தும் பெரும்பாலும் செயற்கையாகச் சாய்த்ததுதான். ஆகத் தமிழுக்குக் கையிலிருப்பது அளவு, தடிமன், இடம் மூன்றும்தான். இது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே வரியை உடைப்பது என்ற கேள்வி இதனால் முக்கியமாகிறது. ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு’வைத் தனி வரியில் விட்டால் தலைப்பு திக்குகிறது. ‘ஒரு புளியமரத்தின்’ என்று எழுதி அடுத்த வரியில் ‘கதை’ என்று இறக்கினால் மூச்சு சரியாக விழுகிறது. இதை எந்த நிரலும் செய்யாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தவர்தான் செய்ய முடியும். கடையில் பார்க்கும் பல புத்தகங்களில் தலைப்பு, அகலம் எங்கே முடிகிறதோ அங்கே உடைந்திருக்கிறது. வடிவமைத்தவர் படிக்கவில்லை என்று அது பகிரங்கமாகச் சொல்கிறது.

சென்னையிலும் புதுச்சேரியிலும் அயல்நாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் நிறுவனங்கள் நிறைய. லேடெக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இரவு ஷிப்டில் உட்கார்ந்து ஐரோப்பியப் பேராசிரியரின் பெயருக்கு மேலே வரும் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வடசென்னையிலிருந்தும் போகிறோம். நானும் அந்த வேலையில் இருக்கிறேன். பகலில் கொஞ்சம் தூங்கி எழுந்து, தெரிந்தவர்களின் தமிழ்ப் புத்தகங்களைச் செய்து கொடுப்பேன். போன வருஷம் எங்கள் சடையங்குப்பத்துப் பெரியவர் ஒருவர், கொசஸ்தலை ஆற்றைப் பற்றியும் முகத்துவாரத்து இறாலைப் பற்றியும் நோட்டில் எழுதி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்பது பக்கம் வரும். தலைப்பும் பெயரும் நடுவில், கீழே ‘சென்னை’ என்று வைத்து ஒரு மாதிரி எடுத்துக் காட்டினேன்.

“இன்னாப்பா இது, பத்திரிகை மாரி கீது. சென்னைன்னா எந்த சென்னை? மயிலாப்பூரா? ஊரப் போடு.”

“கார்ப்பரேசன்ல சேந்துட்டோமே மாமா.”

“சேந்தா? தண்ணி வரும்போது மட்டும் நம்ம பேரச் சொல்றான் இல்ல, அப்போ சென்னைன்னா சொல்றான்?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சடையங்குப்பம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பெயர் அச்சில் தவறாமல் வருவது பூண்டி ஏரியைத் திறக்கும்போது வெளியாகும் வெள்ள எச்சரிக்கையில்தான். மணலி, மணலி புதுநகர், எண்ணூர் என்று ஆறு போகும் வழியில் உள்ள ஊர்களின் வரிசையில் நாங்களும் இருப்போம். ஒருமுறை சடையங்குப்பம், இன்னொரு முறை சடையான்குப்பம். தலைப்புப் பக்கத்தில் எதைப் போடுவது? பெரியவரிடம் கேட்டேன். “நாம சொல்றதப் போடு” என்றார். சடையங்குப்பம் என்று போட்டேன். அரசாங்கக் காகிதத்தில் இரண்டு விதமாகக் கிடக்கும் ஒரு ஊரை, அந்த ஊர்க்காரர் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு விதமாக எழுதி வைக்கிறார். நன்னூலின் எல்லை என்ற பெட்டியை நான் இதற்கு முன் இப்படிப் புரிந்துகொண்டதில்லை.

பழைய வாக்கியத்தையே அவருக்காகத் திரும்ப எழுதினேன், பட்டமும் சாதியும் இல்லாமல். ஊர் முதலில், பெயர் அடுத்து, ஆற்றில் இறங்கிப் பார்த்து எழுதியது என்று ஒரு வினை. நோட்டைத் தட்டச்சு செய்தது அவருடைய பேத்தி. அவளுக்கு ஒரு வினை. மெய்ப்புப் பார்த்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்று. புனல் வடிவம் சரியாக வரவில்லை, பேத்தியின் வரி கொஞ்சம் நீளம். அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை பேரையும் வைத்தபிறகு பக்கம் நெரிசலாக இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கிறதுதான். எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோவும் அப்படித்தான் இருக்கும்.

இந்த நெரிசலுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் எதைத் திறந்தாலும், நூலுக்கு முன்னால் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று இருக்கும். பார்க்க அழகான பக்கம் அல்ல. ஆனால் எந்த ஊரிலோ ராத்திரி உட்கார்ந்து கம்பராமாயணத்தை அடித்த ஆளுக்குப் பெயர் இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் மின்னூலாக்கியவர், அட்டை செய்தவர் என்று முதல் பக்கங்களிலேயே போடுகிறது. காசு வாங்காமல் செய்கிறவர்களுக்குப் பெயர் போடுவது முறையென்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. காசு கொடுத்துச் செய்விக்கிற பதிப்பகங்களில் பலருக்கு, காசு கொடுத்ததாலேயே பெயர் போடத் தேவையில்லை என்று தோன்றுகிறது.

அந்த 1867 சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பருவ இதழ்களை மட்டும்தான் அது கவனிக்கிறது. புத்தகங்கள் அதன் வரம்பிலேயே இல்லை. கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அச்சிட்டவர் யார், எந்த ஊர் என்று புத்தகத்தில் போட்டே ஆக வேண்டும் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்த கை எடுக்கப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரனின் பயத்தில் பிறந்த விதி ஒழிந்ததில் வருத்தப்பட ஒன்றுமில்லைதான். ஆனால் இனி ஊரும் பேரும் புத்தகத்தில் இருப்பது, கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஆளின் இஷ்டம். லேடெக்ஸ் அதற்கு எச்சரிக்கைகூட விடாது.

பெரியவரின் புத்தகம் இருநூறு பிரதி அச்சானது. தேதி வரியில் இன்றைய தேதி தானாக வந்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு, தை மாதம் என்றும் ஆண்டையும் கையால் அடித்தேன். விலை போட வேண்டாம் என்றார். பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது. “உன் பேரு எங்க?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன வினை போடறது மாமா?”

“கோத்ததுன்னு போடு” என்றார். அப்படியே போட்டேன்.